ரிப்பேரில் பூஜ்ஜியம்

“உங்களால முடியாதுண்ணே. நீங்க மெஷின் செய்யலாம், ரிப்பேர் பண்ண முடியாது” என்றாள், கதை சொல்லி ஆடும் அந்தப் பகடை ஆட்டத்தை நடத்தும் ஃபரீஹா.

பிரெட்ரிக் பகடையை மேசையில் வைத்துவிட்டு அவளை முறைத்தார். மனிதர் பதினெட்டு வருஷமாக ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஏர்கான் ரிப்பேர் செய்து பிழைப்பவர். அவரிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது?

“செய்யத் தெரிஞ்சவனுக்கு ரிப்பேர் தெரியாதா? என்ன கதை லா இது?”

“ஆட்டத்துல அது வேற திறமை, இது வேற திறமை. உங்க தாளப் பாருங்க. உருவாக்குறது ஒன்பது. பழுது பாக்குறது கோசோங்.”

பூஜ்ஜியம்தான். அவரே போட்டுக்கொண்டது. ‘வேலையிலதான் நாள் பூரா ரிப்பேரு, விளையாட்டுலயாவது புதுசா செய்வோம்’ என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆட்டத்தில் சேரும்போதே எல்லாப் புள்ளியையும் ஒரே பக்கம் கொட்டியிருந்தார். இப்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

ஏனென்றால், ஆட்டக் கதையில் ஒரு பள்ளத்தில் விழுந்து உடைந்து கிடப்பது தகரமுத்து. நண்பர் தோமஸ் ஞாயிறுதோறும் இதே மேசையில் ஆடிய இயந்திர மனிதன். தோமஸ் போய்ச் சேர்ந்து, காலையில்தான் முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. கோயிலிலிருந்து நேரே தோமஸ் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். இன்று எழுப்பாவிட்டால் தகரமுத்துவை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆளைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார் பிரெட்ரிக்.

“திறமை இல்லாம தொட்டுப் பாக்கலாம்ல?”

“பாக்கலாம். தோத்தா ஒரு பாகம் போயிரும்.”

உருட்டினார். இருபது முகப் பகடையில் ஒன்றுதான் விழுந்தது. தகரமுத்துவின் இடது கை போனது.

“அலமாக்!” என்றான் கூட ஆடும் லோகேஸ்வரன், வாய் நிறைய கறிபாப்புடன்.

பிரெட்ரிக் தன் தாளை இழுத்து, அந்த ஒன்பதின் மேல் விரலை வைத்தார். முகம் மலர்ந்தது. “சரி, நான் ரிப்பேர் பண்ணல. ரிப்பேர் பண்ற மெஷின் ஒண்ணு செய்றேன். செய்யலாம்ல?”

ஃபரீஹாவுக்கு மறுக்க வழியில்லை. உருட்டினார். இருபது! ஆறு கைகளோடு பளபளவென்று ஒரு மெஷின் பிறந்தது. லோகேஸ்வரன் கைதட்டினான்.

“அதுக்கு எவ்வளவு ரிப்பேர் தெரியும்?” என்று கேட்டாள் ஃபரீஹா.

“எவ்வளவு?”

“செஞ்சவருக்குத் தெரிஞ்ச அளவுதான்.”

அந்த மெஷின் தகரமுத்துவின் இரண்டு கால்களையும் கழற்றித் துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்தது.

“அண்ணே, போதும்ணே. இன்னும் தொட்டா ஆணிதான் மிஞ்சும்” என்றான் லோகேஸ்வரன்.

“நீ வாய மூடுடா! புது உடம்பு செய்றேன். தலைய மட்டும் எடுத்து அதுல மாட்டுறேன்.”

இந்த முறையும் பகடை கைவிடவில்லை. புது உடம்பு எழுந்து நின்றது. பிரெட்ரிக் சிறுபிள்ளை மாதிரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “பேசச் சொல்லு, ஃபரீஹா. என்ன சொல்றான்?”

அவள் குனிந்தே இருந்தாள். “மாட்டுனப்ப பழசெல்லாம் அழிஞ்சிருச்சுண்ணே. அது உங்களப் பாத்து... ‘நீங்க யாரு?’ன்னு கேக்குது.”

பிரெட்ரிக்குக்குத் தோமஸை இரண்டாம் தடவை புதைத்த மாதிரி இருந்தது. அழுகை கோபமாகத்தான் வெளியே வந்தது.

“குடு அந்தப் புத்தகத்த! எவன் எழுதுன விதி இது, பாக்குறேன்!”

பிடுங்கிப் புரட்டினார். உருவாக்குதல், பழுதுபார்த்தல் என்று இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. ஆனால் அடியில் இன்னொரு வரி இருந்தது. உருவாக்கத் தெரிந்தவர் பாதித் திறமையோடு பழுதும் பார்க்கலாம். அந்த வரியின் மேல் யாரோ கறுப்புப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டு அடித்திருந்தார்கள்.

“யாரு அடிச்சது இத? நீயா?”

ஃபரீஹா இல்லையென்று தலையாட்டினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நின்ற தோமஸின் மனைவி வினிஃப்ரெட்தான் சொன்னார்.

“அவருதான் தம்பி, ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே அடிச்சாரு. ‘இல்லன்னா நான் போனப்புறம் பிரெட்ரிக் என்னையவே ரிப்பேர் பண்ணிக்கிட்டு கெடப்பான், புதுசா ஒருத்தனச் செய்யவே மாட்டான்’னாரு.”