விடைப்பக்கம் பதினான்கு என்கிறது

கணிதம் மாறாத உண்மை என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள், அந்தப் பள்ளியின் மதிப்பீட்டுக் குழு கூடும் அறைக்கு ஒருமுறை வந்துபோக வேண்டும். x-இன் மதிப்பைக் கைதூக்கித் தீர்மானித்த பெருமை இந்தப் பூவுலகில் அந்த அறைக்கு மட்டுமே உண்டு.

வழக்கு இதுதான். அப்பாவின் வயது மகளின் வயதைப்போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்கு. மகளுக்கு இப்போது என்ன வயது? போட்டுப் பார்த்தால் பன்னிரண்டு வரும். பள்ளியே அச்சடித்த பயிற்சி நூலின் கடைசிப் பக்கமோ பதினான்கு என்கிறது. கணக்கு வாத்தியார் இதை முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டார். நமக்கேன் வம்பு என்று, கடைசி வரிக்கு முன்னால் 'சரிக்கட்டல்: +2' என்று ஒரு படியைச் சேர்த்துக் கற்பித்தார். ஒன்பது வருடங்களாகப் பிள்ளைகள் பயபக்தியோடு இரண்டைக் கூட்டி முழு மதிப்பெண் வாங்கினார்கள். வாத்தியாருக்குச் 'சிறந்த ஆசிரியர்' சான்றிதழும் கிடைத்தது.

இந்த வருடம் பஸ் கண்டக்டரின் மகள் பன்னிரண்டோடு நின்றுவிட்டாள். அதோடு விட்டாளா? இன்று 12, 36. அன்று 24, 48 என்று சரிபார்த்தும் காட்டியிருந்தாள். வாத்தியார் விதிப்படி பூஜ்யம் போட்டார். போடும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. அந்த ஐந்து மதிப்பெண் இல்லாவிட்டால் அவளுக்கு அறிவியல் பிரிவு கிடையாது. அவள் மனுக் கொடுத்தாள், குழு கூடியது.

தலைமையாசிரியை தொலைநோக்கோடு பேசினார். "பன்னிரண்டுன்னு ஒத்துக்கிட்டா ஒன்பது வருஷமா குடுத்த மார்க்கையெல்லாம் திரும்ப வாங்கணும். அதுல ஒருத்தன் இப்ப பாலம் கட்டிட்டு இருக்கான். அந்தப் பாலத்தை என்ன பண்றது?"

நூலகர், அந்தப் பயிற்சி நூலில் இன்னும் எண்ணூறு பிரதிகள் மூட்டையாகக் கிடப்பதை நினைவூட்டினார். உடற்பயிற்சி ஆசிரியர், இரண்டு தரப்புக்கும் மனம் கோணாமல் பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். அந்த யோசனை குறிப்பேட்டில் ஏறியது. கடைசியில், தங்களுக்குக் கணக்கு வராது என்பதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு, வாத்தியார் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே தங்கள் கையும் என்று மூவரும் அறிவித்தார்கள்.

வாத்தியார் மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்பது வருடத்துச் சரிக்கட்டல் முழுக்க அவர் கையெழுத்தில் இருக்கிறதே. வேலை போய்விட்டால்? ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பதினான்குக்குக் கை தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சமன்பாடும் குழுவின் முடிவுக்குக் கட்டுப்படும் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே நடையில் அந்தப் பெண் காத்திருந்தாள். அழவில்லை. முடிவையும் அது ஏகமனதானது என்பதையும் அவரே சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"சார், நீங்க போட்டா எவ்வளவு வருது?"

வாத்தியார் நடையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பன்னிரண்டுதாம்மா."

"அவங்க மூணு பேருக்கும் கணக்கு தெரியாது சார்," என்றாள். "உங்களுக்குத் தெரியுமே."