குளியல் தொட்டியிலிருந்து மேடைக்கு வந்த பலகை

உலக வெப்பத்தைக் கூட்டம் போட்டே தணித்துவிடலாம் என்று கண்டுபிடித்த பெருமை, ஐயத்துக்கிடமின்றி, லண்டன் பிளேஸ்டோத் தமிழர்களுக்கே உரியது. 1995ஆம் ஆண்டு, மழையே மறந்துபோன ஓகஸ்ட் மாதத்தில் அந்தச் சாதனை நிகழ்ந்தது.

கவுன்சிலில் வாய்க்கால் துப்புரவு செய்த சபாரத்தினம், நீர் வற்றிய சதுப்பில் ஒரு கறுத்த பலகையைக் கண்டெடுத்தார். மூவாயிரம் வருடத்துத் தோணியின் துண்டு என்றாள், வந்து பார்த்த தொல்லியல் அதிகாரி. சேற்றுநீரில் கிடந்ததால்தான் பிழைத்திருக்கிறது, காய்ந்தால் பொடிந்துவிடும், திங்கட்கிழமை வந்து எடுக்கும்வரை ஈரத்தில் வைத்திருங்கள் என்றாள். சபாரத்தினம் வாக்குக் கொடுத்தார். பலகை அவர் வீட்டுக் குளியல் தொட்டியில் குடியேறியது. மனைவி தவநாயகி பக்கத்து வீட்டில் குளித்தாள்.

செய்தி ஆனந்தராஜாவை எட்டியது. அவர் ஏற்கெனவே நான்கு சங்கங்களுக்குத் தலைவர். அன்றே ஐந்தாவது பிறந்தது: ‘ஈரமரபுப் பாதுகாப்புச் சங்கம்’. ஞாயிறு பகல் அங்குரார்ப்பண விழா; பலகையை மேடையில் வைக்கவேண்டும் என்று சபாரத்தினத்திடம் கேட்டார்.

"தொட்டித் தண்ணியோட கொண்டுவாறன் அண்ணை."

"சேத்துத் தண்ணியோ? பிரதம விருந்தினர் வாறார். கழுவித் துடைச்சுக் கொண்டாரும்."

"காய்ஞ்சால் வெடிச்சுப் போகும்."

"அதைப் பற்றித்தானே கூட்டம்!"

அரைமணித்தியாலம்தான் என்று ஆனந்தராஜா சத்தியம் செய்ததால் சபாரத்தினம் இணங்கினார். மேடையில், சுடும் விளக்குகளின் கீழே பலகை வீற்றிருந்தது. மங்கல விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை. விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மரபு வழுவாமல் பலகைக்கும் ஒன்று போர்த்தினார்கள். மிச்சமிருந்த ஈரத்தை அது பவ்வியமாக உறிஞ்சிக்கொண்டது.

இரண்டாவது மணித்தியாலத்தில் சபாரத்தினம் நனைந்த சாக்குடன் மேடையேறினார்.

"அண்ணை, ஒருக்கால் மூடிவிடுறன்."

"நிகழ்ச்சி நிரலிலை சாக்கு இல்லை. நன்றியுரை முடியட்டும்."

பனிப்பாறைகள் உருகுவதைப் பற்றி ஆனந்தராஜா உருகிக்கொண்டிருந்தபோது ‘படார்’ என்று சத்தம் கேட்டது. சபை கைதட்டியது. பொன்னாடையை விலக்கினால் சிராய்களும் தூளும். சபாரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. தலைவரோ தளரவில்லை.

"பாத்தியளோ காலநிலை மாற்றத்தின்ரை கொடுமையை! எங்கட கண்ணுக்கு முன்னாலேயே!"

கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வடையும் தேநீரும் வழங்கப்பட்டன.

திங்கட்கிழமை அதிகாரி வந்தாள். சபாரத்தினம் ஒரு தலையணை உறையை நீட்டினார். அவள் உள்ளே பார்த்தாள்.

"என்ன நடந்தது?"

சபாரத்தினம் தலையைக் குனிந்தார்.

"மூவாயிரம் வருடம் இதை ஒருவரும் பாதுகாக்கவில்லை, மேடம். நேற்றுத்தான் பாதுகாத்தோம்."