சம்பளம் வாங்கிய செயலாளர்

பிஜியின் வடக்குத் தீவில், லம்பாசாவில், தர்ம காரியத்துக்குக் கூலி கேட்ட ஒரே பாவி என்று ஊரே விரல் நீட்டிக் காட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் சங்கத்தின் பழைய ரசீதுகளில் எங்காவது இருக்கும். எல்லாரும் அவரைச் சம்பளம் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் மரியாதைக்குச் சம்பளம் மாமா என்பேன். அவரும் போனை எடுத்தால், "சம்பளம் பேசுறேன்" என்றுதான் சொல்வார்.

எங்கள் சங்கம் பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. கரும்புத் தோட்டக் குடும்பங்கள் மாதம் தவறாமல் சந்தா கட்டும். அந்தப் பணத்தில் தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில் லாமியில் இரண்டு அறை கொண்ட ஒரு வீடு வாங்கிப் போட்டிருந்தோம். லம்பாசா ஆஸ்பத்திரியில் முடியாது என்று சுவாவுக்கு அனுப்பும் நோயாளிகள், துணைக்கு ஓர் ஆளோடு அங்கே தங்கலாம். எங்கள் ஆட்களுக்கு சுவாவில் வேறு நாதி கிடையாது.

இதற்குப் பிரசிடென்ட், பொருளாளர், கமிட்டி எல்லாமே கௌரவப் பதவி. யாரும் ஒரு சென்ட் வாங்க மாட்டார்கள். செயலாளரான சம்பளம் மாமா மட்டும் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "வாரம் நாப்பது டாலர். இல்லாட்டி நான் வரல" என்று சொல்லிவிட்டாராம். சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். கூலி இல்லாத வேலையில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

அவரிடம் பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு டை இருந்தது. காலில் ரப்பர் செருப்பு, கழுத்தில் டை. காலை எட்டுக்குக் கட்டுவார், நாலரைக்கு அவிழ்ப்பார். நாலரைக்கு மேல் யாராவது அவசரம் என்று வந்தால் வேலை செய்யாமல் விடமாட்டார். ஆனால் டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இப்ப நான் சும்மா செய்யறேன். தப்பு வந்தா திட்டக்கூடாது. திட்டணும்னா காலைல வா" என்பார். பிரசிடென்ட்டோடு சண்டை போடுவதற்கு முன்பும் டையைக் கழற்றுவார். சம்பளம் வாங்கும் நேரத்தில் எதிர்த்துப் பேசுவது நேர்மை இல்லையாம். நாலு இருபத்தைந்துக்குக் கோபம் வந்தால் ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் சங்கத்துக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். பிரசிடென்ட்டின் இரும்புக் கடையில் பில் எழுதும் வேலை எனக்கு. வாரத்தில் மூன்று மதியம் என்னைச் சங்கத்துக்குத் தானம் செய்திருந்தார். வருஷக் கூட்டத்தில் அவருடைய தியாகங்களில் என் பெயரும் வாசிக்கப்படும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுத வரும். அதனால் கூட்டத்தில் நடப்பதைக் குறிக்கும் மினிட் புத்தகம் என் கைக்கு வந்தது.

வருஷக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரே நாடகம்தான். 'சம்பளம்' என்ற வரி வந்ததும் பின்வரிசையில் யாராவது, "கோயில் காசு மாதிரி காசுய்யா. இதுல கூலியா" என்று முனகுவார்கள். அடுத்த வரி 'இதர செலவுகள்.' அது சம்பளத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். பிரசிடென்ட் காருக்குப் பெட்ரோல், சிட்னியில் இருக்கும் மகனோடு பேசிய போன், கூட்டத்துக்குக் கோழிக்கறி, யங்கோனா வேர் இடித்துக் கரைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்த செலவு எல்லாம் அதில் அடக்கம். அந்த வரியை யாரும் கேட்டதில்லை. கிண்ணம் கையில் இருக்கும்போது எப்படிக் கேட்பது?

ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்த வருஷம் வந்தது. கரும்பு நிலக் குத்தகை முடிந்தவர்கள், முடியாதவர்கள் எல்லாரும் பெட்டி கட்டினார்கள். சம்பளம் மாமா உறுப்பினர் புத்தகத்தில் செத்தவர்களைக் கறுப்பு மையால் அடிப்பார், நாட்டை விட்டுப் போனவர்களைச் சிவப்பு மையால் அடிப்பார். அந்த வருஷம் சிவப்பு மை பாட்டில் மூன்று தீர்ந்தது. "கறுப்புக் கோடே தேவலாம். அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் என் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சுவாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸும் கப்பலுமாக நானும் அம்மாவும் கிளம்பினோம். சம்பளம் மாமாவும் கூட வந்தார். லாமி வீட்டைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார்.

போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. வராந்தாவில் காலில் கட்டோடு ஒரு கிழவரும் அவர் மனைவியும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். உள்ளே பிரசிடென்ட், அவர் மனைவி, மற்ற இரண்டு மகன்கள், மருமகள்கள். ஆஸ்திரேலியா விசாவுக்கு மெடிக்கல் எடுக்க வந்து மூன்று வாரமாகத் தங்கியிருந்தார்களாம். முன்னறைக் கட்டிலில் ஆள் யாரும் இல்லை. குடும்பத்தார் எல்லாருடைய நெஞ்சு எக்ஸ்ரேயும் வரிசையாகப் படுத்திருந்தது. நோயாளி வெளியே, எக்ஸ்ரே உள்ளே.

"வாங்க செகரட்டரி. இன்னா இந்தப் பக்கம்?" என்றார் பிரசிடென்ட்.

"டூட்டி," என்று டையைத் தொட்டுக் காட்டினார் மாமா.

"ரூம் இல்லியேய்யா."

"இருக்குது. ரூல் புக்குல ரெண்டே பேருக்குத்தான் ரூம். ஒண்ணு நோயாளி. ரெண்டாவது, டூட்டில வர்ற சம்பளக்காரன். இந்தம்மா நோயாளி, நான் சம்பளம். உங்களுக்கு இன்னா சீக்கு?"

"நான் பிரசிடென்ட்யா."

"அது சீக்கு இல்லியே. டாக்டர் சீட்டு இருக்குதா?"

பிரசிடென்ட்டின் மனைவி குறுக்கே வந்தார். "பத்து வருஷமா சும்மா உழைக்கிறாரு இவரு. ஒரு சென்ட் தொட்டது கிடையாது."

"அதாம்மா கஷ்டம். தொட்டிருந்தா எவ்ளோன்னு தெரிஞ்சிருக்கும்."

மத்தியானத்துக்குள் எக்ஸ்ரேக்கள் உறைக்குள் போய், குடும்பம் டாக்ஸியில் ஏறி, சுவாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனது. அந்த ஹோட்டல் பில்லும் இதர செலவுகளில்தான் வந்தது. அது பிறகு தெரிந்தது.

முன்னறை அம்மாவுக்கு. பின்னறை தனக்கு என்று சொல்லி வாங்கியதை மாமா கிழவருக்குக் கொடுத்துவிட்டு வராந்தாப் பாயில் தான் படுத்துக்கொண்டார். நாலரைக்கு டையைக் கழற்றிவிட்டு அடுப்பில் பருப்பு வைத்தார். அம்மா கட்டிலில் இருந்தபடி எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு ஆம்பிளைங்க சம்பளம் குடுத்தாக்கூட இத செய்யமாட்டாங்கண்ணே" என்றார். அம்மா கடைசியாகச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். "கேட்டுப் பாத்தியாம்மா? எவ்ளோ குடுத்தே?" என்றார் அவர்.

அம்மா அந்த அறையில் பதினொரு வாரம் இருந்தார். பிழைக்கவில்லை. ஆனால் கட்டிலில் இருந்தார், சன்னலோரமாக.

அடுத்த மாதம் அவசரக் கூட்டம். இரண்டு தீர்மானங்கள் என்று நோட்டீஸ் வந்தது. ஊரில் ஆள் குறைந்துவிட்டதால் லாமி வீட்டை விற்பது ஒன்று. செயலாளர் பதவியை எடுத்துவிடுவது இன்னொன்று. விற்பனைப் பத்திரத்துக்குச் செயலாளர் கையெழுத்து வேண்டும், அவர் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அதனால் இரண்டாவது தீர்மானத்தை முதலில் எடுத்தார்கள்.

பிரசிடென்ட் நெஞ்சில் கை வைத்துப் பேசினார். "சேவைக்குக் கூலி வாங்கறது நம்ம பரம்பரைல உண்டா? இந்தக் கஷ்ட காலத்துல வாரம் நாப்பது டாலர் ஒரு ஆளுக்கு எதுக்கு?" கூட்டம் தலையாட்டியது. வீட்டை விற்றால் நோயாளிகள் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் மனசு ஏற்கெனவே ஏர்போர்ட்டில் இருந்தது.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. பிரசிடென்ட் என்னைப் பார்த்தார். அப்பாவின் குத்தகை முடிந்துபோயிருந்தது. கடைச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அம்மா செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

கை எண்ணுவது செயலாளர் வேலை. மாமா டையோடு எழுந்து, வரிசை வரிசையாக நடந்து, தன் வேலையை எடுக்கச் சொல்லும் கைகளைத் தானே எண்ணினார். என் வரிசைக்கு வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஐம்பத்திரண்டு. எதிர்ப்பு இல்ல. தீர்மானம் நிறைவேறிச்சு. எழுதிக்கோம்மா" என்றார். எழுதினேன். வந்திருந்தவர்கள் அவரையும் சேர்த்து ஐம்பத்து நான்கு பேர். அவரைத் தவிர எல்லாரும் கை தூக்கியிருந்தார்கள். கணக்கு ஒன்று இடித்தது. துக்கத்தில் தப்பாக எண்ணிவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

வருஷம் முடிவதற்குள் வீடு போனது, பணம் போனது, பிரசிடென்ட்டும் போனார். வழியனுப்பு விழாவுக்கு மாலை வாங்கிய செலவு கடைசி இதர செலவு.

அதற்குப் பிறகு இன்னும் ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்தன. இன்னும் பெட்டிகள் போயின. நான் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதும் உண்மை. பல வருஷம் கழித்து நாத்தனாரைப் பார்க்க சிகடோகா போனபோது மார்க்கெட்டில் ஒரு கிழவர் பீன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுத் தோட்டத்துப் பீன்ஸாம். கழுத்தில் டை இல்லை.

"யாரு, மினிட் புக்கா?" என்றார்.

அரை கிலோ வாங்கினேன். பிறகு இத்தனை வருஷம் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "மாமா, அன்னிக்கு நானும் கை தூக்கினேன்."

"தெரியும்."

"ஐம்பத்து மூணு கை. நீங்க ஐம்பத்திரண்டுன்னு சொன்னீங்க."

"ஒண்ண எண்ணல."

"ஏன் மாமா?"

பீன்ஸைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னார். "எனக்குக் கை எண்ணத்தான் சம்பளம். பயத்த எண்ண ஒருத்தரும் சம்பளம் குடுக்கலியேம்மா."

சங்கம் இப்போது இல்லை. மினிட் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. ஐம்பத்திரண்டு என்றுதான் அதில் இருக்கிறது. அந்த மனிதர் தன் வேலையில் தெரிந்தே செய்த தப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நான் அதைத் திருத்தவில்லை.