பங்கு விலை விழுந்ததற்கு உடைத்த தேங்காய்

விஷயம் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் பெயரைக் கேட்டால் அதையே பாதி விழுங்கித்தான் சொல்வேன். ஆனால் இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் என் வீட்டுக்காரர் சொல்லும்போது தன்னைக் கெட்டிக்காரராகவும் என்னை மரப்பாச்சியாகவும் ஆக்கிவிடுகிறார். நான் மரப்பாச்சியாக நின்றது உண்மைதான். அவர் கெட்டிக்காரர் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்துக்கு வெளியே, கம்ப்யூட்டர் சில்லு செய்வதற்கான எந்திரங்களைத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. (எந்திரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பெரிய பீரோ மாதிரி இருக்கும். தூசி பட்டால் கெட்டுப்போகும். அவ்வளவுதான் தெரியும்.) தூசிக்குப் பயந்து ‘கிளீன் ரூம்’ என்று ஒன்று கட்டியிருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும், முகமூடியும், பெரிய கண்ணாடியும் போட வேண்டும். போட்டுவிடுவது என் வேலை. எவ்வளவு பெரிய அதிகாரியும் என் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். உலகத்தில் எனக்கிருந்த ஒரே அதிகாரம் அது. அந்த நேரத்திலும் நான் அவர்கள் சட்டைப் பொத்தானைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ஒருநாள் நானும் அதே உடுப்பில் உள்ளே தரையைத் துடைத்து முடித்து, எந்திரத்தின் பக்கம் நின்றிருந்தேன். ஒரு வெள்ளை உடுப்பு பின்னால் வந்து என் காதருகே குனிந்தது.

“எடோ, கையிலுள்ளதெல்லாம் நாளைத்தன்னே விற்றோ. வெள்ளியாழ்ச்ச ஆர்டர் போகும்.”

(கையிலிருக்கும் பங்கையெல்லாம் நாளைக்கே விற்றுவிடு, வெள்ளிக்கிழமை பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.) என்னை வேறு யாரோ என்று நினைத்து என் தோளில் ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மட்டும் என்ன தெரிந்திருக்கும்?

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், யாரோ தோளில் தட்டிவிட்டார்கள் என்று அழாத குறையாக ஆரம்பித்தேன். அவருக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். தோளை அவர் காதிலேயே வாங்கவில்லை.

“ஏட்டி, என்ன சொன்னான்? திருப்பிச் சொல்லு.”

சொன்னேன்.

“உனக்கும் பங்கு குடுத்திருக்கானுவல்லா?”

“ஸ்டாஃப் எல்லாருக்கும் குடுத்தாவ.”

“அப்பம் நாளைக்கே வித்துரணும். குடோன்காரனே சரக்கத் தள்ளுகான்னா வத்தல்ல வண்டு விழுந்தாச்சுன்னு அர்த்தம்.”

“தப்பில்லியா?”

“உன் வத்தல், நீ விக்க. இதுல எவனுக்கு என்னட்டி?”

மறுநாள் காலையில் விற்றார். வெள்ளிக்கிழமை விலை பொத்தென்று விழுந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. ஆனால் விலை விழ வேண்டும் என்று மனிதர் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல்! சனிக்கிழமை ஒரு சாக்குத் தேங்காயையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

தேங்காய் உடைக்கிற இடத்தில் எங்களுக்கு முன்னால் எங்கள் கம்பெனி கணக்குப் பிரிவு கிளார்க் நின்றிருந்தார். கையில் ஒரே ஒரு தேங்காய். முகத்தில் உயிரில்லை.

“என்ன அண்ணாச்சி, ஒரு சாக்கு? வீட்ல கல்யாணமோ?” என்றார் அவர்.

“அதில்ல. இவ கம்பெனிப் பங்கு விழுந்துச்சுல்லா? அதுக்கு. நாங்க மொதல்லயே வித்தாச்சு, கேட்டேளா!”

“விழுந்ததுக்கா? நான் அது ஏறணும்னு உடைக்க வந்திருக்கேன் அண்ணாச்சி.”

வீட்டுக்காரர் அவர் கையைப் பார்த்தார். “அப்பம் ஒரு தேங்கா போதாதுவே.”

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன்.

அந்தப் பேச்சு கம்பெனிக்குள் பரவி, அடுத்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். மெட்ராஸ்காரர். கம்பெனிக்குள் தெரிந்த ரகசியத்தை வைத்துப் பங்கு விற்பது குற்றம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்ன ஆளைக் காட்டாவிட்டால் வேலை போய்விடும் என்றார். மூத்தவள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். என் சம்பளம் நின்றால் அவள் படிப்பும் நின்றுவிடும்.

“சொன்னது யாரும்மா?”

“வெள்ளை உடுப்பு போட்டிருந்தாங்க சார்.”

“எல்லாரும்தான் போட்டிருப்பாங்க. வேற அடையாளம்?”

“கண்ணாடி போட்டிருந்தாங்க சார்.”

அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். அன்று கிளீன் ரூமுக்குள் போன அதிகாரிகள் எல்லோரும் அதே உடுப்பில் வரிசையாக நின்று அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், நான் ஆளைக் காட்ட வேண்டும்.

சந்தேகத்துக்குரியவர்களுக்கு உடுப்பு போட்டுவிட்டதும் நானேதான். (என் வேலையாயிற்றே.) உடுப்பில்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் கடைசியில் விசாரணை அதிகாரிக்கும் போட்டுவிட்டேன். என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி எல்லோரும் இடம் மாறிக்கொண்டார்கள். அவர்கள் கண்களைக் கிட்டத்தில் இருந்து கவனிக்கலாம் என்று விசாரணை அதிகாரியும் வரிசையில் போய் நின்றுகொண்டது எனக்குத் தெரியாது.

திரும்பினேன். ஒரே அளவாகப் பாலில் முக்கி எடுத்த ஆட்கள். ஒவ்வொருவராக “எடோ, கையிலுள்ளதெல்லாம்...” என்று சொன்னார்கள். முகமூடிக்குள் எல்லாக் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலத்தான் இருந்தது. மகள் முகம் நினைவுக்கு வந்தது. எப்படியாவது ஒருவரைக் காட்டியாக வேண்டும். குளிர்ந்த அந்த அறையில் ஒருவருடைய கண்ணாடி மட்டும் ஆவி படிந்து வெளுத்திருந்தது. நெற்றியோரம் வியர்வை. குற்றம் செய்தவருக்குத்தானே வியர்க்கும்? பிள்ளையாரே என்று விரலை நீட்டிவிட்டேன்.

“அம்மா, நான்தாம்மா!” என்றது அந்த உடுப்பு.

ஒத்துக்கொண்டுவிட்டாரே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அவர் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். உள்ளே மெட்ராஸ் அதிகாரி. பழக்கமில்லாத உடுப்பில் மூச்சு முட்டிப்போய் நின்றிருக்கிறார், பாவம். நீட்டிய விரலை எப்படி மடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

“சார், இங்க முகமூடியைக் கழட்டக் கூடாது.”

அந்தக் கம்பெனியில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். வரிசை முழுவதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவர் கீழே கிடந்த முகமூடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று எதுவுமே புரியாத பெண், வேலையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, லாபத்தை மட்டும் திருப்பிக் கட்டட்டும் என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார். சொன்னவர் ஒரு டைரக்டர். மனைவி பெயரில் விற்றதால் பிற்பாடு அவராகவே அகப்பட்டார். வரிசையில் எனக்கு நேர் எதிரே நின்று, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தானாம்.

“லாபத்தக் கட்டிருவோம். தேங்காய்க் காச எவன் தருவான்?” என்று வீட்டுக்காரர் பிள்ளையாரிடமே கேட்டார்.

இன்றைக்கும் எங்கள் கடையில் ஏதாவது காணாமல் போனால், “அம்மையக் கூப்பிடு, கை காட்டட்டும். அவ காட்டுகவன மட்டும் விட்டிரலாம், மத்தவனுவளப் பிடிப்போம்” என்கிறார்கள் பிள்ளைகள். நர்சாகிவிட்ட மூத்தவள்தான் முதலில் சிரிக்கிறாள்.

விசாரணைக்கு மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். எல்லா வெள்ளை உடுப்பிலும் நெஞ்சுப் பக்கம் பெரிய எழுத்தில் பெயர் எழுதச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் எழுதி முடித்தேன்.