வாரம் ஒரு எண் கறுக்கும் குழந்தை

அன்புள்ள ரெஜினா அக்காவுக்கு,

மாமல்லபுரத்திலிருந்து ஷாரோன் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம். உன் ஆராய்ச்சியில் மனசுதான் கெட்டுக் கிடக்கிறது. நீ நிரப்பச் சொன்ன ஆராய்ச்சிப் படிவம் ஒரு மாதம் தாமதமானதற்கும் நீயே காரணம்.

அங்கே வெளிநாட்டில் இனம் மாறிக் கல்யாணம் செய்த குடும்பங்களை ஆராய்கிறாய், சரி. ஒப்பிட்டுப் பார்க்க, சாதி மாறிக் கட்டிக்கொண்ட தங்கை வீடுதானா கிடைத்தது? 'கலப்புக் குடும்பம்' என்ற தலைப்பைக் கேட்டதுமே மாமனார் பின்னிக்கொண்டிருந்த வலையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "கலப்பா? தண்ணி கலக்க நம்ம வூடு இன்னாம்மா, பால் பூத்தா?" அவரைச் சமாதானப்படுத்துவதற்குள், நீ கூடவே அனுப்பிய நிற அட்டை, அதுதான், வெளுப்பிலிருந்து கறுப்பு வரை எண் போட்ட பத்துக் கட்டம், மாமியார் கையில் சிக்கியது. என் பெண் ஸ்வாதியின் கன்னத்தில் வைத்துப் பார்த்து "அஞ்சு" என்றவர், அட்டையைக் கடல் பக்கத்து ஜன்னலில் ஒட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு பார்த்தால் ஆறு. அதற்கடுத்த ஞாயிறு ஏழு! "இன்னாத்த குடுக்குற கொயந்தைக்கு? வாரத்துக்கு ஒரு நம்பரு ஏறிகினே போவுது! உங்க அம்மா வூட்டு ரத்தம் இப்பத்தான் வெளிய வருதா?" கேழ்வரகுக் கஞ்சி நின்றது. வாசலுக்குத் தூக்கிப்போகக்கூடத் தடை. இரண்டு வேளையும் கடலைமாவு போட்டுத் தேய்த்ததில், ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கன்னமெல்லாம் தடித்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் அழுதால், "நீதான் காலேஜ் படிச்சவளாச்சே, டாக்டராண்ட காட்டு" என்கிறார்.

எனக்கே பயம் வந்துவிட்டது, அக்கா. குழந்தை, அட்டை, மாமியார் மூன்றோடும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். டாக்டர் லோகநாயகி அட்டையை வாங்கி, ஓரத்து பிரவுன் டேப்பை உரித்தார். டேப்புக்கு அடியில் நிறம் அடர்த்தியாக இருந்தது. "வெயில்ல அட்டைதாம்மா வெளுத்திருக்கு. பாப்பா அப்படியேதான் இருக்கா. முதல்ல அந்தக் கடலைமாவ நிறுத்துங்க."

மாமியார் வெட்கப்படுவார் என்று பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில் சொல்கிறார்: "அட்டயே வெளுக்குதுன்னா, கொயந்தைய கொஞ்சம் வெயில்ல காட்டலாம்ல?"

நீ ஏற்றத்தாழ்வை நன்றாக ஆராய்ச்சி செய்; அதைத் தபாலில் எங்களுக்கு அனுப்பாதே. படிவத்தில் என் பெண்ணின் நிறத்துக்கு எண் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். எத்தனை முறை கேட்டாலும் அதுதான் பதில்.

அத்தானுக்கு எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் உனக்கு நல்ல புத்தியும் நல்ல வேலையும் கொடுக்கட்டும்.

தங்கை,
ஷாரோன்

பி.கு.: கட்டம் காலியாக இருந்தால் நம் பிள்ளையைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அதனால் 'நாலு' என்று போட்டுவிட்டேன். ஐந்துதான், தெரியும். நீ திருத்தாதே.