நாற்பத்திரண்டாம் நாள் ஊதும் சாமியார்

எலும்பு முறிந்தால் ஊதியே கூட்டிவிடுவாராம் ஊதல் சாமியார். ஒரே ஒரு ஊதல்! அதற்குத் தெருமுனை வரை கூட்டம். மாவுக்கட்டு போட்ட கைகளும் கால்களுமாக மண்டபமே வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

நிபந்தனை ஒன்று உண்டு. உடைந்த அன்றே போனால் ஊதமாட்டார். டோக்கன் கொடுத்து, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டாம் நாள் வரச் சொல்வார். அதுவரை கட்டைப் பிரிக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. "சாமிக்கு அவ்வளவு கிராக்கி" என்று பக்தர்கள் பூரித்துப்போனார்கள். பட்டப்பகலில் சாமியார் குறட்டை விட்டுத் தூங்கியது யார் கண்ணிலும் படவில்லை. பக்தி கண்ணுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

தையல்காரம்மாவுக்கு உடைந்தது வலது மணிக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அந்தக் கை போனால் பிழைப்பும் போச்சு. பயத்தில் டோக்கனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள் நாத்தனார் வந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.

"அண்ணி, உடைஞ்ச இடத்துல முதல்ல ரத்தம் கட்டும். அப்புறம் இளசா எலும்பு வளரும். அது மெல்ல மெல்லக் கெட்டியாகும். உங்க மணிக்கட்டுக்கு ஆறு வாரம் போதும். ஆறு வாரத்துக்கு எத்தனை நாள்?"

தையல்காரம்மா விரல்விட்டு எண்ணினாள். முகம் மாறியது.

"சாமி ஊதாம கூடலைன்னா நான் என்னம்மா செய்வேன்?"

"காலைல படம் எடுப்போம். கூடலைன்னா நானே உங்களைச் சாமிகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் படத்தில் எலும்பு கூடியிருந்தது. கட்டைப் பிரித்ததும் தையல்காரம்மா அழுதேவிட்டாள். அழுது முடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டோக்கன் சும்மா கிடக்கே, அண்ணனுக்குக் கொடுத்தா என்ன?"

அண்ணன் என்றது நாத்தனாரின் புருஷனை. பெயிண்டர். நான்கு நாள் முன்புதான் ஏணியிலிருந்து விழுந்து முன்கையை உடைத்துக்கொண்டவர்.

மூவரும் மண்டபத்துக்குப் போனார்கள். சாமியார் டோக்கனில் தேதியைப் பார்த்தார். பெயிண்டரின் மாவுக்கட்டின் மேல் கன்னம் உப்ப ஊதினார்.

"கூடிடுச்சு! கட்டைப் பிரிங்கடா!"

சீடன் கத்திரியோடு வந்தான். பெயிண்டர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"கிட்ட வராதப்பா, உயிர் போகுது! உடைஞ்சு நாலே நாள்தான் ஆச்சு."

"ஆஸ்பத்திரி பக்கத்துலதான். வாங்க சாமி, இப்பவே படம் எடுத்துப் பாத்துடலாம்" என்றாள் நாத்தனார்.

சாமியாருக்குத் திடீரென்று மௌன விரதம் வந்துவிட்டது.

தையல்காரம்மா வலது கையை உயர்த்திக் காட்டினாள். "அது என் டோக்கன். சாமி மூச்சு என்மேல படவே இல்லை. ஆனா கை கூடிடுச்சு!"

"டோக்கன் உங்ககிட்ட இருந்துச்சே, அதோட சக்திம்மா!" என்றான் சீடன்.

"இப்ப அண்ணன்கிட்டதானே இருக்கு? அவருக்கு ஏன் கூடலை?"

சீடன் கத்திரியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

கூட்டத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் ஊன்றுகோலை ஊன்றி நொண்டிக்கொண்டு முன்னே வந்தார். "எனக்கு நேத்துதான் கால் உடைஞ்சுது சாமி. இப்பவே ஊதுங்க பாப்போம்!"

"ஊதுங்க! ஊதுங்க!" என்று மண்டபமே கத்தியது. சாமியார் பின்கதவு வழியாக ஓடினார். ஓடும்போது மூச்சு நன்றாகவே வந்தது.

உடைந்த எலும்புகூட யாரையும் எதிர்பார்க்காமல் ஆறு வாரம் தன் வேலையைத் தானே பார்த்தது. உடையாத மூளையை வைத்துக்கொண்டு நாம் எதற்கய்யா வரிசையில் நிற்கிறோம்?