சுவஸ்திகமும் ஒரு யன்னலும்

சீதேவிப்பிள்ளை புது வீட்டின் முன்சுவரில் சிவப்புப் பெயின்டால் சுவஸ்திகம் கீறி முடிக்கவும் உதயரூபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சுனாமிக்குப் பிறகு பெரியகல்லாற்றில் அந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்தது ஒரு ஜேர்மன் தொண்டு நிறுவனம். உதயரூபன் அதன் வெளிக்கள உத்தியோகத்தன். ஜேர்மனியிலிருந்து வந்திருந்த அதன் அதிகாரி அம்மா இன்று வீடுகளைப் பார்க்கிறார். அவருக்குத் திருப்தி என்றால்தான் கூடாரங்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் வீடு. கடற்கரைப் பக்கம் காலையிலேயே தொடங்கிவிட்டார். வாவிக்கரையில் இருக்கும் இந்த வீடுதான் கடைசி.

"மாமி, இதை அழியுங்க. அவங்கட நாட்டில இது ஹிட்லர்ர அடையாளம். கீறினா மறியல்ல போடுவாங்க."

"என்ட வீட்டுச் சுவரில ஹிட்லருக்கு என்ன வேலை?"

பால் காய்ச்சும் நாளில் மங்கலச் சின்னத்தில் கை வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். உதயரூபன் பின்னாலேயே போனான். சின்னம் போனாலும் கருத்துப் போகாது, அதைத் தமிழில் எழுதி மாட்டலாம் என்று தன்மையாகச் சொன்னான். விளங்கட்டும் என்று வடமொழிச் சொல்லைப் பிரித்தும் காட்டினான்.

"'சு' எண்டா நல்ல. 'அஸ்தி' எண்டா..."

"அஸ்தியா?"

கிண்டிக்கொண்டிருந்த அகப்பை நின்றது. கடல் கொண்டுபோன புருசனுக்குக் கரைக்க அஸ்திகூடக் கிடைக்காதவள் அவள். உதயரூபன் பதறிப்போனான். அந்த அஸ்தி வேறு, இந்த அஸ்திக்கு 'இருக்கிறது' என்று பொருள், நன்றாக இருக்கட்டும் என்பதுதான் சொல்லின் மூலம் என்று மூச்சு விடாமல் விளக்கினான். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

"அழி மகன். இப்பவே அழி" என்று சுண்ணாம்பு வாளியை அவளே தூக்கிக் கொடுத்தாள்.

பெயின்ட் காயவில்லை. சுண்ணாம்போடு கலந்து, ரோஸ் நிறத்தில், முன்னையைவிட இரண்டு மடங்கு பெரிதாகச் சின்னம் நின்றது. கரண்டியால் சுரண்டினான். பூச்சு உதிர்ந்து, கல்வெட்டில் வெட்டியதுபோல ஆழமாகப் பதிந்தது. ஒழுங்கையில் ஜேர்மன் அம்மாவின் வான் வரும் சத்தம் கேட்டது. வேறு வழி தெரியாமல் மிச்சப் பெயின்டை எடுத்து, மடங்கிய நான்கு கைகளையும் நீட்டி ஒன்றோடொன்று முட்டவைத்தான். நாலு கண்ணாடி போட்ட யன்னல் ஒன்று சுவரில் வந்துவிட்டது.

"நல்லாக் காத்து வரும்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

ஜேர்மன் அம்மா இறங்கி வந்தார். யன்னலையும் அதற்குள் சுரண்டிப் பதிந்து கிடந்த சின்னத்தின் தடத்தையும் வெகுநேரம் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. மொழிபெயர்ப்பும் பார்க்கும் சாரதி யோசேப்புவிடம் ஏதோ மெல்லக் கேட்டார். யோசேப்பு பிடரியைச் சொறிந்தான்.

"வாற வழியில எல்லா வீட்டுச் சுவரிலயும் சுவஸ்திகம் கிடந்திச்சு சேர். 'நல்லா இருக்கட்டும்' எண்டு கருத்தாம், அம்மாதான் எனக்கே சொல்லித் தந்தவ. இந்த மனிசிக்கு மட்டும் அதைக் கீற விடாம யன்னல் கீறினது ஆரெண்டு கேக்கிறா."